ஊதா அவரைக்கு நான் கொடுத்த நற்சான்று

கைப்பேசியில் ஒரு செடியைப் படம் பிடித்தால் அது இன்ன செடி என்று கைப்பேசியே சொல்லிவிடுகிறதாம். பெயருக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு டிக் போட்டு, 'உண்ணத் தகுந்தது' என்றும் சொல்கிறதாம். இதைச் சொல்வதற்குத்தான் முப்பத்து நான்கு வருஷம் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்து, மேஜை கொடுத்து, ஆடுகிற நாற்காலி ஒன்றும் கொடுத்து வைத்திருந்தது. துறையின் பெயரை எழுதப் போவதில்லை. செடி கொடிகளைப் பற்றி ஜனங்களுக்கு விளக்கம் சொல்கிற வேலை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பச்சை டிக்கை எனக்குக் காட்டியவர் கவிதா. என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர். காரைக்குடியில் ஒரு படித்த மனிதர் மாடியில் அழகுக்காக ஊதா அவரைக் கொடி ஏற்றியிருக்கிறார். பூவும் ஊதா, காயும் ஊதா, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கைப்பேசியைக் கேட்டிருக்கிறார். டிக் வந்திருக்கிறது. காய்ந்த நெற்றை உடைத்து, விதையை ஊறவைத்து, பச்சையாகவே மிக்ஸியில் அடித்து, உடம்புக்கு நல்லது என்று வெறும் வயிற்றில் குடித்திருக்கிறார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு நேராகக் கவிதாவின் அலுவலகத்துக்குச் சண்டைக்கு வந்துவிட்டார். ஆப் பொய் சொல்கிறதா, அரசாங்கம் பொய் சொல்கிறதா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டுமாம்.

"சார், ஆப் இல்லாத காலத்துல இந்த மாதிரி ஆளுகள எப்படிச் சமாளிச்சீக? எழுதிக் குடுங்க சார், புதுசா வந்திருக்கவுகளுக்குப் படிக்கக் குடுக்கலாம்" என்றார் கவிதா.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். கைப்பேசியைக் கிழித்துத் தோரணம் கட்டுகிற மாதிரி ஒரு கட்டுரை எழுதுவதாகத்தான் உத்தேசம். எழுத உட்கார்ந்த பிறகு வேறு மாதிரி ஆகிவிட்டது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வருஷம் வாயில் நுழையாத பெயர்களை மனப்பாடம் செய்தோம். பரீட்சை முடிந்த மறு வாரம் பாதியை மறந்தோம். மீதிப் பாதியை ஜனங்கள் முன்னால் சொல்லி மிரட்டப் பயன்படுத்தினோம். வேலையைக் கற்றுக்கொண்டது மேஜைக்கு வந்த பிறகுதான்.

வேலை இதுதான். யாராவது ஒரு செடியையோ காயையோ கொண்டுவந்து, "இது திங்கலாமா?" என்று கேட்பார்கள். பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தால் வாங்க மாட்டேன். வெந்து அழுகிப்போயிருக்கும். காகிதத்தில் சுற்றி, இலை, பூ, காய், விதை நான்கும் கொண்டுவரச் சொல்வேன். வெறும் விதையை மட்டும் உள்ளங்கையில் வைத்து நீட்டுகிறவனைத் திருப்பி அனுப்பிவிடுவேன். இலை மூன்று மூன்றாக இருக்கிறதா என்று பார்ப்பேன். காயின் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். காயை நீளவாக்கில் பிளேடால் கீறி, விதை ஒட்டியிருக்கும் இடத்தைப் பார்ப்பேன். அவரை இனமென்றால் விதையின் முதுகில் வெள்ளையாக ஒரு கோடு, சுண்ணாம்பு தொட்டு இழுத்தது போல இருக்கும். பிறகு பதிவேட்டைத் திறந்து மூன்று கேள்வி கேட்பேன். எங்கே முளைத்தது, யார் நட்டது, மருந்து ஏதும் அடித்ததா. பதிலை எழுதிக்கொண்டு, திங்கலாம் அல்லது திங்கக்கூடாது என்று வாயால் சொல்லி அனுப்புவேன். மூன்று கேள்விக்கு மேல் ஒரு கேள்வி இருப்பதாக எனக்கோ எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் ஆடியவர்களுக்கோ தோன்றியதில்லை.

வருகிறவர்களில் விவசாயிகள் குறைவு. எதைத் தின்னலாம் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். வருகிறவர்கள் எல்லாம் படித்தவர்கள். சிங்கப்பூரில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்த ஒருவர் வெள்ளிக் கிண்ணத்தில் குன்றிமணி கொண்டுவந்தார். வேலியோரம் கொடியில் கிடைத்ததாம். சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கிறதே, சுண்டல் செய்தால் எப்படி இருக்கும் என்று கேட்டார். பிள்ளையாருக்குக் கண் வைக்கிற குன்றிமணி கடும் விஷம் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"ஏங்க, பிள்ளையாரு கண்ணத் தோண்டித் திங்கப் போறீகளா?" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. என்மேல் புகார் எழுதினார். புகார் என் மேலதிகாரி சபாபதியிடம் போனது.

சபாபதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றெரிச்சல்தான். தினமும் காலையில் வந்ததும் அரை பிளேடால் மூன்று பென்சில் சீவுவார். சீவிய தூளை ஒரு பழைய கோப்பின் அட்டையில் தட்டி, ஜன்னல் வழியாக உதறுவார். ரப்பரைத் தீப்பெட்டிக்குள் வைத்து, தீப்பெட்டியைப் பூட்டு போட்ட டிராயரில் வைத்திருப்பார். எந்தக் கோப்பு வந்தாலும் ஓரத்தில் பென்சிலால்தான் எழுதுவார். 'செய்யலாம்' என்று பென்சிலில் எழுதி, அதற்குக் கீழே நம்மைப் பேனாவால் கையெழுத்துப் போடச் சொல்வார். காரியம் நன்றாக முடிந்தால் அந்தப் பென்சில் எழுத்தின்மேல் பேனாவை ஓட்டுவார். கெட்டுப்போனால் தீப்பெட்டி திறக்கும். எத்தனையோ பேர் மாட்டிக்கொண்ட விவகாரங்களில் அவர் பெயர் மட்டும் எந்தத் தாளிலும் இருக்காது. நாங்கள் அவருக்குப் பென்சில் சார் என்று பெயர் வைத்திருந்தோம். அது அவருக்கும் தெரியும். பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டார்.

சிங்கப்பூர்க்காரரின் புகாரை அவர் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"யோவ், நீ சொன்னது சரிதான். ஆனா எவன் வந்து எதக் கேட்டாலும் வாயால சொல்லி அனுப்பு. வாயால சொன்னதுக்கு எவனும் நகல் எடுக்க முடியாது. தாளுல மட்டும் எழுதிக் குடுத்துராத."

இதைவிடக் கேவலமான உத்தியோக தர்மம் உண்டா என்று அன்றைக்கு வீட்டில் போய்ப் பொரிந்து தள்ளினேன். ஒரு செடியைத் தின்னலாமா கூடாதா என்று தாளில் எழுதக்கூட முதுகெலும்பில்லாத மனிதன் என்றேன். பேனா பிடிக்கத் தெரிந்த அதிகாரி இந்த ஆபீசில் நான் ஒருவன்தான் என்றும் சொன்னதாக ஞாபகம்.

நான் ஓய்வு பெறுவதற்கு நான்கு வருஷம் இருந்தபோது ஒரு நாள் வாசலில் பெரிய கார் வந்து நின்றது. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய செட்டியார் வீட்டை வெளியூர் கம்பெனி ஒன்று குத்தகைக்கு எடுத்து ஓட்டலாக நடத்திக்கொண்டிருந்தது. அதன் மேனேஜர் வந்திருந்தார். காகிதத்தில் சுற்றிய கொடி, இலை, பூ, காய், விதை எல்லாம் முறைப்படி கொண்டுவந்திருந்தார். எனக்கு அதிலேயே பாதி மனசு இளகிவிட்டது. முற்றத்தில் அழகுக்காகப் பந்தல் போட்டு வளர்த்த ஊதா அவரை. அதிலிருந்து பறித்ததையே விருந்தாளிகளுக்குத் தட்டில் வைக்கப் போகிறார்களாம். விருந்தாளிகள் எல்லாம் பெரிய இடம் என்பதால் ஒரு நிபுணரிடம் எழுத்துப்பூர்வமாக வாங்கி, கண்ணாடி போட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டப் போகிறார்களாம்.

"உங்க பேர் பெரிய எழுத்துல வரும் சார்" என்றார்.

நிபுணர் என்று அதுவரை என்னை யாரும் சொன்னதில்லை. கண்ணாடி போட்டு மாட்டுகிற மாதிரி நான் எதுவும் எழுதியதும் இல்லை. அன்றைக்குச் சபாபதி சிவகங்கையில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். காயைக் கீறிப் பார்த்தேன். கறுப்பு விதை, முதுகில் வெள்ளைக் கோடு, சந்தேகமே இல்லை. மூன்று கேள்வி கேட்டேன், மூன்றுக்கும் நல்ல பதில். தாளை எடுத்து எழுதினேன். 'மேற்கண்ட கொடி அவரை இனத்தைச் சேர்ந்தது. உண்ணத் தகுந்தது.' கையெழுத்து, பதவி, முத்திரை, எல்லாம் பேனா மையில். எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. இன்றைக்கும் அதைப் படிக்கிற எந்தத் தாவரவியல் பேராசிரியரும் சரி என்றுதான் சொல்வார்.

கண்ணாடி மாட்டிய பிறகு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். எனக்கு ஒரு காபி கொடுத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் அந்த ஓட்டலில் சாப்பிட்ட விருந்தாளிகளில் ஒன்பது பேர் வரிசையாக வாந்தி எடுத்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். வயதான ஒருவருக்கு மூச்சு வாங்கி, நாலு நாள் தீவிர சிகிச்சையில் இருந்து பிழைத்தார். விசாரணைக்கு வந்த அதிகாரி சாப்பாட்டுக் கூடத்தில் நுழைந்ததும் என் கண்ணாடிச் சட்டத்தைத்தான் முதலில் படித்தாராம். ஆகவே அவரைக் கொட்டை குற்றமற்றது என்று ஆகிவிட்டது. மீதி இருந்தது கோழிக்குழம்பு. அதை வைத்தது காந்திமதி என்கிற சமையல்காரப் பெண். சிங்கம்புணரிப் பக்கத்து ஊர். ஆக, கெட்டுப்போன கோழி, சமையல்காரப் பெண்ணின் அலட்சியம் என்று பேப்பரில் பெயரோடு போட்டார்கள். அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

மறுநாள் அவள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. திறந்து காட்டினாள். ஊறிப் பெருத்த கறுப்பு விதைகள், முதுகில் வெள்ளைக் கோடு.

"அய்யா, நீங்கதான் அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கிற கடுதாசிய எழுதினீகளா?"

"ஆமா. என்னம்மா அதுக்கு?"

"இத அவிக்காமக் குடுத்தாக. பச்சையா. வெள்ளரிக்கா, வெங்காயம், இந்தக் கொட்டை, மேல எலுமிச்சம்பழம் புழிஞ்சு. நான் அப்பயே சொன்னேன், முத்தல் கொட்டைய ஊறப்போட்டு, அந்தத் தண்ணியக் கொட்டி, நல்லா அவிச்சு, மொதத் தண்ணிய இறுத்துட்டுத்தான் திங்கணும்னு. அந்தச் செஃப்பு உங்க கடுதாசியக் காட்டி, கவுருமெண்டே சொல்லிருச்சு, ஒனக்கு மேல தெரியுமாங்கிறாரு."

டப்பாவிலிருந்து ஒரு விதையை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். அவளே சொன்னாள்.

"கோளாறு கோழியில இல்லய்யா. கோழி தொடாத ரெண்டு பொம்பளைகளும் வாந்தி எடுத்தாக. அவுக கூட்டியாந்த டிரைவரு கோழிய மட்டும் ரெண்டு தடவ வாங்கித் தின்னாரு. அவருக்கு ஒண்ணும் ஆகல. யாரும் அவரக் கேக்கவே இல்ல."

விசாரணை அதிகாரிக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியிருந்தது. அன்றே அந்த டிரைவரைப் பிடித்துப் பேசினேன். அவள் சொன்னது அப்படியே சரி. பச்சைக் கொட்டைத் தட்டு அவருக்கு வரவில்லை, அது கூடத்துக்குள் மட்டும்தான் போயிருக்கிறது. பிறகு ஓட்டலுக்குப் போனேன். செஃப் என்கிறவர் முப்பது வயது வெளியூர் ஆள். மீசையை முறுக்கி நுனியில் ஏதோ பூசியிருந்தார்.

"ஏன் வேகவைக்கல?" என்று கேட்டேன்.

"வேக வச்சா கலர் போயிடும் சார். காய் க்ரீன் ஆயிடும், விதை சாயம் விட்டுடும். அப்புறம் அதை எதுக்கு நான் பிளேட்ல வைக்கணும்? எடிபிள்னு நீங்கதானே சர்டிஃபை பண்ணீங்க?"

அந்த ஆளைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட அருவருப்பைச் சொல்லி முடியாது. நிறம் போய்விடுமாம். ஒன்பது பேர் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்த பிறகும் அவருக்கு நிறத்தைப் பற்றித்தான் கவலை. ஆனால் கடைசியாக அவர் சொன்னது உண்மை.

எங்கள் பக்கத்தில் முற்றிய அவரைக் கொட்டையை, மொச்சையை, யாரும் பச்சையாகத் தின்பதில்லை. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டுவார்கள். வேகவைத்த முதல் தண்ணீரை இறுத்துவிடுவார்கள். கசப்பு போகும் என்பார்கள். கசப்போடு நஞ்சும் போகிறது என்பது புத்தகத்தில் இருக்கிறது. வீட்டில் அதற்குக் காரணம் கேட்பதில்லை, செய்வார்கள், அவ்வளவுதான். என் வீட்டிலும் அப்படித்தான். அதனாலேயே அதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சோற்றை வடித்துத் தின்னவும் என்று யாராவது எழுதுவார்களா? பிஞ்சைச் சமைத்துத் தின்னலாம். முற்றலை இறுத்துத்தான் தின்னலாம். இந்த வித்தியாசம் நான் பிறந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். நான் சான்று கொடுத்த ஆளுக்குத் தெரியாது. தெரியுமா என்று நான் கேட்கவும் இல்லை. எப்படிச் சமைப்பீர்கள் என்ற நாலாவது கேள்வி என் பதிவேட்டில் கிடையாது.

இப்போது கவிதா காட்டிய பச்சை டிக்குக்கு வருகிறேன். அதைக் கிழிக்கத்தான் உட்கார்ந்தேன். அது என்ன எழுதியிருந்தது? 'உண்ணத் தகுந்தது.' நான் என்ன எழுதினேன்? அதே இரண்டு சொல். கைப்பேசிக்காவது முத்திரை இல்லை.

காந்திமதி என்னிடம் கேட்டது ஒரே ஒரு வரிதான். "நீங்க எழுதினதுக்குக் கீழ ஒரு வரி சேத்து எழுதிக் குடுங்கய்யா. முத்தலை அவிச்சு இறுத்துட்டுத்தான் திங்கணும்னு. அத வச்சு நான் பேசிக்கிறேன். எனக்கு இந்தக் கைய விட்டா வேற எதுவும் இல்ல. கெட்ட கறியப் போட்டவளுன்னு பேராகிப்போச்சுன்னா, எவுக வீட்டு அடுப்படியிலயும் என்னையச் சேக்க மாட்டாக."

எழுதுகிறேன் என்றேன். எழுதத்தான் நினைத்தேன். கோப்பை எடுத்துக்கொண்டு சபாபதியிடம் போனேன். முழுசையும் சொன்னேன். டிரைவரையும் சொன்னேன், செஃப்பையும் சொன்னேன். அவர் பென்சிலைக் காதோரம் செருகிக்கொண்டு கேட்டார்.

"நீ எழுதினதுல என்ன தப்பு இருக்கு?"

"தப்பு இல்ல சார். குறைவு இருக்கு."

"அப்ப விடு. இப்ப ஒரு வரி சேத்தேன்னு வையி, மொதல்லயே ஏன் சேக்கலன்னு கேப்பான். ஒம்பது பேரு ஆஸ்பத்திரியில கெடந்ததுக்கு ஒன் பேரு வரும். நாலு வருசம் இருக்கு ஒனக்கு. பென்ஷன் வாங்க வேணாமா?"

"அந்தப் பொம்பளை சார்?"

"அது இன்னொரு அடுப்பப் பாத்துக்கும்யா. சமையக்காரிக்கு வேலைக்கா பஞ்சம்?"

சீ என்று வந்தது. கோப்பை எடுத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன். இந்த இடத்தை எழுதுவதற்குத்தான் எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. ஆபீஸ் நகலைத் திறந்து, என் கையெழுத்துக்குக் கீழே அந்த வரியை எழுதினேன். 'முற்றிய விதையை ஊறவைத்து, நன்கு வேகவைத்து, நீரை இறுத்த பின்னரே உண்ண வேண்டும்.' பென்சிலால் எழுதினேன்.

பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. மேஜைமேல் கிடந்த பென்சிலை ஏன் எடுத்தேன் என்று எனக்கு நானே பல காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். முதலில் வரைவு, பிறகு ஒப்புதல், பிறகு மை என்றெல்லாம். எல்லாம் புளுகு. பயந்தேன், அவ்வளவுதான்.

காந்திமதி மூன்றாம் நாள் வந்தாள். கோப்பைத் திருப்பி அவளுக்குக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"பென்சில்ல எழுதியிருக்கீகளேய்யா?"

"ஆபீஸ்ல மொதல்ல இப்படித்தான் எழுதுவோம். மேல ஒப்புதல் ஆகி வந்ததும் பேனாவுல போட்டு ஒனக்கு ஒரு நகல் தாரேன்" என்றேன்.

அவள் நம்பினாள். கும்பிட்டுவிட்டுப் போனாள். கோப்பு மேலே போனது. ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. நான் எழுதிய வரி இல்லை. அந்த இடத்தில் தாள் கொஞ்சம் மெலிந்து, ரப்பர் தூள் இரண்டு துணுக்கு மடிப்பில் ஒட்டியிருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக். நான் ரப்பர் தூளை ஊதிவிட்டு, கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்தேன். மறுபடி எழுதியிருக்கலாம். நகல் வேண்டாம், தனித்தாளில் என் பெயரில் எழுதி அவள் கையில் கொடுத்திருக்கலாம். எதுவும் செய்யவில்லை. அவள் அதற்குப் பிறகு நாலைந்து தடவை வந்தாள். இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று நானும் நாலைந்து தடவை சொன்னேன். பிறகு வருவதை நிறுத்திவிட்டாள். விசாரணை அறிக்கை கோழி என்றே முடிந்தது. செஃப் இதைவிடப் பெரிய ஓட்டலுக்குப் போனார். சபாபதிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. எனக்குப் பென்ஷன் கோப்பில் ஒரு கறையும் இல்லாமல் ஓய்வு கிடைத்தது. பிரிவு உபசார விழாவில் என்னைப் பேனா பிடிக்க அஞ்சாத அதிகாரி என்று ஒருவர் புகழ்ந்தார். நானும் மாலையோடு தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஓய்வுக்குப் பிறகு சிங்கம்புணரியில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். கை கழுவப் பின்பக்கம் போனபோது காந்திமதியைப் பார்த்தேன். அரிவாள்மனையில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். நான் வந்த வழியே திரும்பி, பந்தி முடிவதற்குள் பஸ் ஏறிவிட்டேன். உறவுக்காரர் ஒருவரிடம் பிறகு மெதுவாக விசாரித்தேன். நல்ல கைப்பக்குவம் உள்ள பொம்பளைதானாம். ஆனால் எப்போதோ கெட்ட கறி போட்டு ஆட்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவளாம். அதனால் காய் நறுக்க மட்டும் வைத்துக்கொள்கிறார்களாம். அடுப்புப் பக்கம் விடுவதில்லையாம்.

இதுவரை உள்ளதை எழுதிக் கவிதாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இனி வருவது அதற்குப் பிறகு சேர்த்தது. அவர் நின்றுகொண்டே படித்தார். படித்து முடித்ததும் அலமாரியில் தேடிப் பழைய கோப்பை எடுத்து வந்து தூசி தட்டினார். அந்த நகலை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

"சார், அழிச்ச எடம் இன்னும் தெரியுது. பென்சில அழுத்தித்தான் எழுதியிருக்கீக. வாசிக்கக்கூட முடியுது."

பிறகு தன் பேனாவின் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். ஓய்வு பெற்றவன் அரசாங்கக் கோப்பில் எழுதக்கூடாது என்றேன். அப்போதும் எனக்கு விதிதான் முதலில் ஞாபகம் வந்தது. "அப்ப தனித்தாள்ல எழுதுங்க, நான் விசாரிச்சு மேலொப்பம் போட்டுக் கோப்புல சேக்கிறேன்" என்றார். எழுதினேன். அந்த டிரைவர் இன்னும் இந்த ஊரில்தான் வாடகை வண்டி ஓட்டுகிறார். கவிதா அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து வாக்குமூலம் வாங்கினார். நான் மூன்றே நாளில் முடித்திருக்க வேண்டிய வேலையை அவர் ஒரே காலையில் முடித்தார். கடைசியில் முத்திரை வைத்த தாளில் அந்த வரி இருந்தது. அதற்குக் கீழே, கோழியில் குறை இல்லை, சமையல்காரர் காந்திமதி மீது தவறு இல்லை, தவறு சான்றளித்த அலுவலர் எழுதாமல் விட்டதில் இருக்கிறது என்றும் இருந்தது. என் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது.

போன வாரம் காரைக்குடியில் ஒரு மண்டபத்தில் அவள் வேலை செய்வதாகத் தெரிந்து, காலை எட்டு மணிக்கே போனேன். சமையல் கொட்டகையில் தலைமைச் சமையல்காரர் அழகப்பன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் ஓரமாகக் காந்திமதி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டாள். கை நிற்கவில்லை.

தாளை நீட்டினேன். வாங்கவில்லை. ஈரக் கையைக் காட்டினாள்.

"இத இப்ப நான் யாருகிட்டக் கொண்டுபோயிக் காட்டச் சொல்றீக?" என்றாள்.

மன்னிச்சுக்கம்மா என்று சொல்வதற்காக பஸ்ஸில் வழி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. அழகப்பன்தான் வந்து என் கையிலிருந்த தாளை வாங்கினார். முதலில் மனசுக்குள் படித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக முதலிலிருந்து படித்தார். அவரைக் கொட்டை, கோழி, காந்திமதி, கடைசியில் என் பெயர். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர்கள் துருவுவதை நிறுத்திவிட்டு முதலில் அவளைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன்.

அடுப்பில் மொச்சை கொதித்துக்கொண்டிருந்தது. கறுத்த நுரை பொங்கி விளிம்புக்கு வந்துவிட்டது. அழகப்பன் தாளை நாலாக மடித்து அவள் பக்கத்தில் இருந்த முறத்தில் வைத்தார்.

"ஆத்தா, மொச்சைய இறுத்தாகணும்" என்றார். வேறு யாரையும் கூப்பிடவில்லை.

காந்திமதி அரிவாள்மனையை மடக்கினாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்படிக்குப் போய் இரண்டு கைக்கும் துணி சுற்றி, அண்டாவின் காதை ஒரு பக்கம் தான் பிடித்து, மறுபக்கம் ஒரு ஆளைப் பிடிக்கச் சொன்னாள். நான் போகிற வழியில் நின்றுகொண்டிருந்தேன்.

"அங்குட்டுத் தள்ளி நில்லுங்கய்யா" என்றாள். "மொதத் தண்ணி. மேல பட்டுறப் போவுது."

தள்ளி நின்றேன்.